குங்குமம் வைத்த சலான்

11-8-97, திங்கள்

காலையில் பாபநாசம் வண்டி கல்லிடைக்குறிச்சியில் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். வேறு வண்டி அனுப்பி, டிரைவரைத் திட்டி, போர்மேனைத் திட்டி, நான் உட்காரும்போது பதினொன்றரை.

மத்தியானத் தபாலில் என் வருமான வரிப் படிவம் திரும்பி வந்திருக்கிறது. ஜூனில் கொடுத்தது. கூடவே கம்ப்யூட்டரில் அடித்த ஒரு துண்டுச் சீட்டு. வேலை கொடுத்தவரின் விவரம் வரி கட்டிய விவரத்தோடு பொருந்தவில்லை, பதினைந்து நாளில் சரிசெய்து தரவும் என்று போட்டிருக்கிறது.

பொருந்தவில்லையாம்! நீலாம்பாள் மோட்டார் சர்வீஸில் வரி பிடிக்கிற அளவுக்குச் சம்பளம் வாங்குவது நான் ஒருத்தன்தான். கணக்கு எழுதுவதும் நான். என் சம்பளத்தில் மாசாமாசம் வரியைப் பிடிப்பது நான், பாங்கில் கொண்டுபோய்க் கட்டுவது நான், வருஷக் கடைசியில் ‘செந்தூர்பாண்டியிடம் இவ்வளவு பிடித்தோம்’ என்று செந்தூர்பாண்டிக்கே சான்று எழுதுவதும் நான். முதலாளி கையெழுத்து மட்டும் போடுவார். இதில் எங்கே தப்பு வரும்? அந்த ஆபீசில் புதிதாக வாங்கி வைத்திருக்கிறார்களே கம்ப்யூட்டர், அது செய்கிற கூத்து.

தனலட்சுமியிடம் சொல்லவில்லை.

12-8-97, செவ்வாய்

சொல்லாமல் இருக்க முடியுமா? சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையில் இருந்த சீட்டையும் எடுத்துவிட்டாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. “அப்ப வீடு?”

வீடுதான். பதினாலு வருஷமாக இதே வாடகை வீடு. முன் அறையில் அவளுடைய மூன்று தையல் மிஷின். காலையும் மாலையும் பதினோரு பெண்பிள்ளைகள் தையல் படிக்க வருகிறார்கள். வீட்டுக்கார அம்மா ராஜராஜேஸ்வரி டீச்சர் அடுத்த தெருவில் இருக்கிறார். தீபாவளி கழிந்ததும் கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கப்போகிறார். வீட்டை விற்கிறார். “மொதல்ல உங்களுக்குத்தான். தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கிடுதேன். அதுக்கு மேல முடியாது” என்று சொல்லிவிட்டார். தென்காசிக்காரர் ஒருவர் தயாராக இருக்கிறார்.

கடன் கொடுக்கிற வீட்டு வசதிச் சங்கத்தில், முத்திரை விழுந்த வரி ரசீது மூன்று வருஷத்துக்குக் கேட்கிறார்கள். இரண்டு இருக்கிறது. மூன்றாவதுதான் நேற்றுத் திரும்பி வந்தது.

13-8-97, புதன்

வரி ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் சண்முகசுந்தரி என்று ஒரு பெண். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். போன வேகத்தில் சத்தம் போட்டுவிட்டேன். மிஷினை நம்பி மனுஷனை அலையவிடுகிறீர்கள், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு, அது இது என்று.

அந்தப் பெண் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தது. முடித்த பிறகு தண்ணீர் கொடுத்தது. “சார், கம்ப்யூட்டருக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. சான்றுல உங்க கம்பெனிக்கு ஒரு நம்பர் இருக்கு. பாங்குல கட்டுன சலான்ல வேற நம்பர் இருக்கு. நீங்க சலான் நகலப் பாத்துட்டு வாங்க, நான் எங்க போயிரப் போறேன்” என்றது.

நகலைப் பார்க்க வேண்டுமாம். பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்து அந்த மேஜையில் விரித்துப் போட்டு, யார் தப்பு என்று கேட்கிறேனா இல்லையா.

14-8-97, வியாழன்

என் தப்பு.

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். எவனையாவது திட்டப் போகும்போது எடுத்துப் படிக்கலாம்.

கம்பெனி தொண்ணூற்றாறு தையில் பாகம் பிரிந்தது. அண்ணன் குமரகுருபரன், தம்பி நாறும்பூநாதன். அண்ணனை நாங்கள் அண்ணாச்சி என்போம், தம்பியைச் சின்ன முதலாளி என்போம். ஆறு பஸ்ஸில் மூன்று மூன்று. மேற்கே அம்பாசமுத்திரம், பாபநாசம் ரூட்டெல்லாம் தம்பிக்கு. கிழக்கே திருச்செந்தூர், உடன்குடி அண்ணனுக்கு. அவர் வீட்டையும் ஆபீசையும் உடன்குடிக்கே மாற்றிக்கொண்டார். ஜாக்கி, ஸ்பானர், பீரோ, சுவர்க்கடிகாரம் எல்லாம் பிரித்தார்கள். அம்மா நீலாம்பாளின் போட்டோவை இன்னொரு பிரதி எடுத்தார்கள். அம்மா பேரை மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் இரண்டு கம்பெனிக்கும் ஒரே பேர். பழைய வரி எண்ணும் ரப்பர் முத்திரையும் அண்ணாச்சி பக்கம் போயின. எங்களுக்குப் புது எண் வாங்கினோம். வாங்கியதும் நான்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று ஒரு வருஷத்துக்கு வேண்டியதற்கு மேலேயே சலான் பாரத்தைக் கட்டாக வைத்துப் பூஜை செய்து, அன்றைக்கே எல்லாவற்றிலும் முத்திரை அடித்து வைப்போம். தொண்ணூற்றைந்திலும் அப்படித்தான் அடித்தோம். அண்ணாச்சி எதையும் மொத்தமாகச் செய்கிற ஆள் இல்லை. கட்டின் மேலே ஒரு பொட்டு வைத்தால் போதாது அவருக்கு. ஒன்று விடாமல் ஒவ்வொரு தாளின் மூலையிலும் குங்குமம் தொட்டு வைத்தார். பாகம் பிரிந்தபோது அந்தக் கட்டில் மிச்சம் இருந்தது என் மேஜை இழுப்பறையில் தங்கிவிட்டது.

குங்குமம் வைத்த தாளை எப்படித் தூரப் போடுவது? வீணாக்கக் கூடாது என்று எடுத்து வைத்து, போன வருஷம் பன்னிரண்டு மாசமும் அதிலேயே வரி கட்டியிருக்கிறேன். முத்திரையில் இருப்பது பழைய எண். கம்பெனி பேர் அதே பேர், அதனால் கண்ணில் படவில்லை. சான்றில் மட்டும் புது எண்ணை அழகாக எழுதியிருக்கிறேன். ஆக, என் வரி முழுவதும் அண்ணாச்சி கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது.

பன்னிரண்டு நகலையும் மேஜையில் பரப்பிப் பார்த்தேன். பன்னிரண்டிலும் மூலையில் சிவப்பு. ஏலே செந்தூர்பாண்டி, நீயெல்லாம் ஒரு கணக்குப்பிள்ளை!

15-8-97, வெள்ளி

டெப்போவில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். இனிக்கவில்லை.

18-8-97, திங்கள்

நகலை எடுத்துக்கொண்டு போய்ச் சண்முகசுந்தரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை சத்தம் போட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். அது நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன கறை என்றது. குங்குமம் என்றேன். சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அந்தப் பெண்ணுக்கு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

வழி இருக்கிறதாம். பழைய எண்ணுக்கு உடையவர், ‘இந்தப் பன்னிரண்டு சலானும் என் கம்பெனியுடையது இல்லை, தவறுதலாக என் எண்ணில் கட்டப்பட்டது’ என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் முதலாளியும் அதே கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் இருந்தால் அதிகாரி கணக்கை மாற்றி எழுத உத்தரவு போடுவார். கால அவகாசம் கேட்டு மனு எழுதச் சொல்லி, அதைத் தானே உள்ளே கொண்டுபோய், அக்டோபர் இருபத்தைந்து வரை வாங்கிக் கொடுத்தது.

“ரெண்டே ரெண்டு கையெழுத்துதானே சார்” என்றது. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

19-8-97, செவ்வாய்

சின்ன முதலாளியிடம் சொன்னேன். திட்டவில்லை. அவருக்குத் திட்ட வராது. கடிதத்தில் தான் கையெழுத்துப் போடத் தயார், ஆனால் அண்ணனிடம் தான் கேட்க முடியாது என்றார். பிரிந்த நாளில் இருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பெரியம்மா பேரன் கல்யாணத்தில்கூட ஒருவர் காலை முகூர்த்தத்துக்கு வந்தார், ஒருவர் சாயங்காலம் வரவேற்புக்கு வந்தார்.

“நீரே கேட்டுப் பாரும். அவன் ஒம்மளத்தான் வளத்தான்” என்றார்.

வளர்த்தார், உண்மை. பத்தொன்பது வயதில் என்னைக் கண்டக்டராகச் சேர்த்தவர். முதல் பஸ்ஸுக்கு அவரே டிரைவர். எனக்குக் கணக்கு வருகிறது என்று கண்டு ஆபீசில் உட்கார வைத்தவர். பாகம் பிரிந்தபோது, யார் எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று எல்லாரையும் நிறுத்திக் கேட்டார்கள். நான் தம்பி பக்கம் போய் நின்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியுமா? “இனிமே என் வாசல் பக்கம் வராதே” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

26-8-97, செவ்வாய்

அண்ணாச்சிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். நாலு தடவை கிழித்து எழுதினேன். தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். வீட்டைப் பற்றி எழுதவில்லை. பரிதாபம் தேடுகிற மாதிரி இருக்கும்.

3-9-97, புதன்

பதிவுத் தபால் திரும்பி வந்தது. ‘பெற மறுத்துவிட்டார்.’ ஒரு மாசத்தில் இரண்டாவது தடவை எனக்குத் திரும்பி வருகிறது. தபால்காரர் என்னைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

7-9-97, ஞாயிறு

தனலட்சுமி என்னைக் கேட்காமலே நேர்ந்துவிட்டாள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு. வீடு அமைய வேண்டும் என்று இந்தத் தசராவுக்கு நான் வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை பிரித்து, கோயில் உண்டியலில் போட வேண்டுமாம்.

வந்ததே கோபம். நாற்பத்தேழு வயதில், இந்தத் தொந்தியோடு, வேஷமா? டெப்போவில் ஒருத்தன் மதிப்பானா? நேர்ந்தது நீதானே, நீயே கட்டு என்றேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை. “உங்கள ராசா வேசம் கட்டச் சொல்லல. ஒரு தட்ட ஏந்தச் சொல்லுதேன். அது கூடவா முடியாது?” என்று கேட்டுவிட்டு ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள்.

தட்டு ஏந்துவதுதான் கஷ்டம். அது அவளுக்குத் தெரியும்.

11-9-97, வியாழன்

மாலை போட்டுக்கொண்டேன். போர்மேன் சுடலைக்கண்ணு வருஷாவருஷம் காளி வேஷம் கட்டுகிறவன். அவனுடைய வேஷக்காரர் செட்டில் என்னைச் சேர்த்துக்கொண்டான். ஒரு நேரச் சாப்பாடு, தரையில் படுக்கை, வாயில் கெட்ட வார்த்தை வரக்கூடாது. டிரைவர்களிடம் பேசுவதற்கு எனக்கு வார்த்தையே இல்லாமல் போய்விட்டது.

20-9-97, சனி

சாப்பாடு ஒரு நேரம்தான். கோபம் மட்டும் மூன்று நேரமும் வருகிறது.

23-9-97, செவ்வாய்

தென்காசிக்காரர் வீட்டைப் பார்க்க வந்தார். தனலட்சுமி காப்பி கொடுத்தாள். முன் அறையில் நின்று, இந்தச் சுவரை இடித்தால் கார் நிறுத்தலாம் என்று யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னார். தையல் பிள்ளைகள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தன. அவர் நல்ல மனிதர்தான். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? ஆனாலும் அவர் போன பிறகு தனலட்சுமி அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாளே, அதை நான் பார்க்காத மாதிரிப் போய்விட்டேன்.

28-9-97, ஞாயிறு

என்ன வேஷம் என்று முடிவாயிற்று. போலீஸ் வேஷத்துக்கு ஏற்கெனவே மூன்று பேர். கரடித் தோலுக்குள் எனக்கு மூச்சு முட்டும். தனலட்சுமி டிரங்குப் பெட்டியைத் திறந்து என் பழைய காக்கி யூனிபாரத்தை எடுத்தாள். கண்டக்டர் வேஷம். அக்குள் இரண்டையும் பிரித்து, துணி வைத்து அகலமாக்கினாள். தோல்பையும் விசிலும்கூட இருந்தன. தோல்பையிலேயே காணிக்கை வாங்கிக்கொள்ளலாம்.

கண்ணாடியில் பார்த்தேன். பரவாயில்லை. தொந்தி மட்டும் பதவி உயர்வு வாங்கியிருக்கிறது.

2-10-97, வியாழன்

குலசையில் கொடியேறியது. கடலில் குளித்துக் காப்புக் கட்டிக்கொண்டேன். கூட்டத்தில் நின்றபோது வீட்டை நினைத்துக் கும்பிட நினைத்தேன். அண்ணாச்சி முகம்தான் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. தெரியாமல் என்ன? தெரியும்.

8-10-97, புதன்

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை. கால் வீங்கிவிட்டது. இப்போது சாவகாசமாக எழுதுகிறேன்.

எங்கள் செட்டில் இருபத்து மூன்று பேர். வேனில் போய் ஊர் ஊராக இறங்கினோம். முதல் ஊரில் பையை நீட்ட எனக்குக் கை எழவில்லை. ஒரு கிழவி வந்து என் கையைப் பிடித்து, பைக்குள் ஐந்து ரூபாயைத் திணித்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு கூச்சம் போய்விட்டது. யார் யார் வீட்டு முன்னாலோ நின்றேன். ஒருத்தர்கூட ‘இல்லை’ என்று கைவிரிக்கவில்லை.

உடன்குடியில் கடைத்தெரு முடிந்தது. சுடலைக்கண்ணு காளி வேஷத்தில் முன்னால் போனான். கருப்பட்டிக் கடைகளைத் தாண்டி வலது பக்கம் திரும்பினான். அது அண்ணாச்சி தெரு. ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்று, இந்தத் தெரு வேண்டாம் சுடலை என்றேன். திரும்பிப் பார்த்தான். நான் திட்டினால் தலையைச் சொறிகிற சுடலைக்கண்ணு இல்லை அது. “அம்மைக்கு ஒரு தெரு வேணும், ஒரு தெரு வேண்டாமா?” என்றான். அவன் பின்னாலேயே போனேன்.

அண்ணாச்சி வீட்டு வாசலில் மேளம் நின்று அடித்தது. நான் கரடி வேஷக்காரனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். கையெழுத்து வாங்க வேண்டிய கடிதத்தை நான் கொண்டுபோகவே இல்லை. அம்மன் பேரைச் சொல்லிக் காரியம் சாதித்தான் என்று வரக்கூடாது. காணிக்கை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டில் சில்லறையோடு அண்ணாச்சி வெளியே வந்தார். மொத்தமாக ஒரு தொகையைக் காளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவரா போவார்? ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டே வந்தார். கரடி முடிந்தது. என் முன்னால் வந்து நின்றார். மெலிந்துவிட்டார். கண்ணாடி தடித்திருக்கிறது. காக்கிச் சட்டையைப் பார்த்தார், பிறகு தோல்பையைப் பார்த்தார். அந்தப் பை அவர் வாங்கிக் கொடுத்தது.

வேஷம் கட்டி வந்தவனை வாசலை விட்டுப் போ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அது அவருக்கும் தெரியும்.

“எதுக்குலே நேர்ந்திருக்க?” என்றார். இருபத்தோரு மாசத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

வீட்டுக்காக என்றேன். என்ன வீடு என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் வீட்டை விற்பது, தனலட்சுமியின் மூன்று மிஷின், பதினோரு பிள்ளைகள். அந்த வீட்டை விட்டு உடன்குடிக்கு வர அவளுக்கு வழியில்லை, அதனால்தான் அன்றைக்குத் தம்பி பக்கம் போய் நின்றேன் என்பதையும் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“சம்பளத்துக்குன்னுல்லா நெனச்சேன்” என்றார்.

“நீங்க கேக்கலையே, அண்ணாச்சி.”

“நீ சொல்லலையேலே.”

சுடலைக்கண்ணு மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினான். மேளம் பைய அடங்கியது.

தபால் எதற்குப் போட்டாய் என்று அண்ணாச்சியே கேட்டார். கவரில் தம்பி ஆபீஸ் விலாசத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஆபீஸ் கவரில் வைத்து அனுப்பியிருக்கிறேன் பாருங்கள், எனக்கு ஒரு தப்போடு நிற்காது. சலான் விஷயத்தைச் சொன்னேன். ஆயுத பூஜையில் அவர் குங்குமம் வைத்த கட்டு, தூரப் போட மனசு வரவில்லை, பன்னிரண்டு மாசமும் அதிலேயே கட்டிவிட்டேன் என்றேன்.

“பன்னெண்டுமா?”

“பன்னெண்டும், அண்ணாச்சி.”

முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்தார். “குங்குமத்த வச்சது நான்லாலே. அப்ப தப்புல பாதி எனக்கு” என்றார். பத்து ரூபாயைப் பையில் போட்டார். பிறகு, “தசரா முடியட்டும். திங்கக்கெழம வா. வேசத்தக் கலைச்சிட்டு, செந்தூர்பாண்டியா வா” என்றார்.

நான் கும்பிட்டுத் திரும்பினேன். “ஏலே, விசில் அடிக்காமலா போற?” என்றார். இரண்டு விசில் அடித்தேன். வண்டி கிளம்புகிற விசில். அழுதுகொண்டே விசில் அடித்தால் சத்தம் ஒழுங்காக வராது என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன்.

10-10-97, வெள்ளி

டெப்போவில் ஆயுத பூஜை. இந்த வருஷமும் சலான் கட்டைப் பூஜையில் வைத்தேன். முத்திரை அடிக்காத வெறும் பாரம். சின்ன முதலாளி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

11-10-97, சனி

குலசைக் கடற்கரையில் சூரசம்ஹாரம். காணிக்கையை உண்டியலில் போட்டோம். காப்பு அவிழ்த்தேன். தனலட்சுமி வந்திருந்தாள். ஊருக்குத் திரும்பியதும் மீன் குழம்பு வைக்கிறேன் என்றாள். நல்ல மனுஷி.

13-10-97, திங்கள்

வேட்டி சட்டையில் உடன்குடி போனேன். அண்ணாச்சி கடிதத்தை மூன்று தடவை படித்தார். ஒவ்வொரு சலான் தேதியையும் நகலோடு ஒத்துப் பார்த்தார். பன்னிரண்டையும். பிறகுதான் கையெழுத்து. ‘தவறுதலாக’ என்ற இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, யார் தவறு என்று எழுதவில்லையே என்றார். எழுதட்டுமா என்றேன். வேண்டாம், ரெண்டு பேர் எழுத இடம் இல்லை என்றார்.

சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது கருப்பட்டி ஒரு சிப்பம் கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் ஆகும் என்றார். பஸ்ஸில் வரும்போதே அதை இரண்டாகப் பிரித்துக் கட்டிக்கொண்டேன்.

14-10-97, செவ்வாய்

சின்ன முதலாளி மேஜையில் கடிதத்தையும் பாதிக் கருப்பட்டியையும் வைத்தேன். அண்ணன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுத்து கோணுது. கை நடுங்குதாவே அவனுக்கு?” என்றார். கொஞ்சம் நடுங்குகிறது என்றேன். அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடுவதற்கு வெகு நேரம் ஆயிற்று.

மத்தியானமே வரி ஆபீசில் சேர்த்துவிட்டேன். சண்முகசுந்தரி இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டு, “நான்தான் சொன்னேன்ல சார், ரெண்டே ரெண்டு கையெழுத்துன்னு” என்றது. ஆமாம்மா என்றேன்.

19-10-97, ஞாயிறு

உடன்குடி ரூட் கண்டக்டர் ஒருவன் வந்து சொன்னான். இன்று காலை சின்ன முதலாளி காரை எடுக்காமல் அண்ணாச்சி பஸ்ஸில் ஏறி உடன்குடி போனாராம். கண்டக்டர் டிக்கெட் வேண்டாம் என்றதற்கு, ஒழுங்காகக் கிழித்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாராம்.

23-10-97, வியாழன்

முத்திரை விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. சண்முகசுந்தரி ரசீதை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால், மிஷின் திரையைத் திருப்பிக் காட்டியது. என் பேர், கம்பெனி பேர், எண் எல்லாம் ஒரே வரிசையில். அம்மா நீலாம்பாள் பேரை அந்தப் பச்சை எழுத்தில் பார்த்தேன். மிஷினைப் பற்றி நான் பேசியது கொஞ்சம் அதிகம்தான்.

27-10-97, திங்கள்

சங்கத்தில் மூன்று ரசீதையும் வாங்கிக்கொண்டார்கள். கடன் உறுதி என்று கடிதம் கொடுத்தார்கள். நேரே டீச்சர் வீடு. டீச்சர் படித்துவிட்டு, தென்காசிக்காரருக்குத் தானே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

30-10-97, வியாழன்

தீபாவளி. பதினோரு பிள்ளைகளும் தாங்களே தைத்த பாவாடை சட்டையோடு வந்தார்கள். ஒருத்தி சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. தனலட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு மட்டும்.

17-11-97, திங்கள்

பத்திரம் முடிந்தது. தனலட்சுமி பேரில் எழுதியிருக்கிறேன். சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். அண்ணாச்சி ஒருவர், சின்ன முதலாளி ஒருவர். ஒரே காரில் வந்தார்கள். திரும்பும்போது, காரில் யார் முன்னால் உட்காருவது என்று பதிவு ஆபீஸ் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

7-12-97, ஞாயிறு

விடியலில் இருந்து மழை. முன் அறையில் இரண்டாவது மிஷினுக்கு மேலே ஒழுகுகிறது. தனலட்சுமி வாளி வைத்தாள். பதினாலு வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் டீச்சரிடம் சொல்கிறேன், அந்த இடத்தில் தளத்தை உடைத்துப் பூசச் சொல்லி. ஆகட்டும் ஆகட்டும் என்றுதான் பதில். இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என்ன பேச வேண்டும் என்பதைக்கூட யோசித்துவிட்டேன்.

தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். டீச்சர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

முழங்கால் வரை நனைந்து திரும்பி வந்தேன். தனலட்சுமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். போகும்போதே தெரிந்திருக்கிறது அவளுக்கு. சொல்லவில்லை.

“டீச்சர் என்ன சொன்னாங்க?” என்றாள்.

“வீட்டுக்கு உடையவங்ககிட்ட போய்ச் சொல்லச் சொன்னாங்க.”

“சரி, ஆகட்டும் ஆகட்டும்” என்று சொல்லிவிட்டு வாளியை மாற்றப் போனாள்.

மழை விட்டதும் ஏணி ஒன்று வாங்க வேண்டும்.